ஈயம் பூச வந்த அண்ணாச்சிக்கு

அன்புள்ள அண்ணாச்சி,

பெயர் எழுதி, ஊர் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்ப வேண்டிய கடிதம் இது. எங்கள் வீட்டில் உங்கள் பெயர் தெரிந்த ஒரே ஆள் ஆச்சி. அவள் போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று. மற்றவர்களுக்கெல்லாம் நீங்கள் ‘ஈயம் பூசுத அண்ணாச்சி’. அந்த விலாசத்தை வைத்துக்கொண்டு தபால்காரர் எந்தத் தெருவுக்குப் போவார்? அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

பித்தளைக்கு மறுபடி நல்ல காலம் பிறந்திருக்கிறது. கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். உங்கள் கண் முன்னால் எடைக்குப் போன தவலையும் அண்டாவும் இன்று கண்ணாடி அலமாரிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. கல்யாண மண்டபத்து வாசலில் ரோஜா இதழ் மிதக்க விடுவதற்கென்றே உருளி வாங்குகிறார்கள். வெண்கலப் பானையில் பொங்கல், ஈயச் செம்பில் ரசம், கல்சட்டியில் வத்தக்குழம்பு என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள், படம் பிடிக்கிறார்கள். எல்லாவற்றிலும் பாட்டி வருகிறாள், பாத்திரம் வருகிறது, அது எந்த ஊரில் வார்த்தது என்பதுகூட வருகிறது. நீங்கள் மட்டும் வருவதில்லை.

ஆக்கினவருக்கு எப்படியோ பேர் கிடைத்துவிடுகிறது. நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பஞ்சாபில் ஜண்டியாலா குரு என்ற ஊரில் பித்தளையிலும் செம்பிலும் பாத்திரம் அடிக்கிற தட்டேரா மக்களின் கைத்தொழிலை 2014இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. நல்ல காரியம். ஆனால் அடித்து முடித்த பாத்திரம் அடுப்பேறி, புளியும் உப்பும் பட்டு, உள்பக்கம் தேய்ந்து மஞ்சள் தெரிய ஆரம்பித்த பிறகு, அதை மறுபடியும் சோறு கறி ஆக்கத் தோதாக்கிக் கொடுத்த கைக்கு என்ன பேர்? எங்கள் வீட்டுச் சருவம் நாலு தலைமுறையாக வருகிறது என்று நாங்கள் பெருமை பேசுகிறோம். அடித்தவர் ஒரு தடவை அடித்தார். நாலு தலைமுறைக்கும் அதை நடத்திக்கொண்டு வந்தவர்கள் நீங்களும் உங்களுக்கு முன்னால் வந்தவர்களும்.

திருநெல்வேலி டவுனில், ரத வீதிக்குப் பின்னால் எங்கள் வளவு. தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை, தை பிறக்கும் முன்னால் ஒரு தடவை, நடுவில் யார் வீட்டிலாவது கல்யாணம் வந்தால் இன்னொரு தடவை என்று வருவீர்கள். உங்கள் குரல் தெருமுனையில் கேட்டதுமே ஆச்சி பரணுக்கு ஏணி போடச் சொல்லுவாள். வளவுக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி வெட்டுவீர்கள். துருத்தியின் மூக்கு மண்ணுக்கடியில் போய்க் குழிக்குள் எட்டிப் பார்க்கும். மேலே கரி. வீட்டுக்கு வீடு ஏனங்கள் வந்து வரிசை கட்டும்.

முதல் வேலை உங்களோடு வந்த பையனுக்கு. பெரிய அண்டாவுக்குள் இறங்கி, மணலையும் சாக்குத் துண்டையும் காலடியில் போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பித் தேய்ப்பான். நாங்கள் அதை டான்ஸ் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு நிற்போம். அவன் எங்கள் வயதுதான் இருப்பான்.

பிறகு நீங்கள். ஏனத்தைக் கிடுக்கியால் பிடித்து நெருப்பில் வாட்டித் திருப்பிக்கொண்டே இருப்பீர்கள். பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. ஒரு நேரம் வந்ததும் பஞ்சில் நவச்சாரப் பொடியைத் தொட்டு உள்ளே ஒரு இழுப்பு. குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பும். மூக்கைத் துளைக்கிற நெடி. நாங்கள் ஓடிப்போய் வீட்டு முகப்புத் தார்சாவில் நின்றுகொள்வோம். நீங்கள் முகத்தை லேசாகத் திருப்பிக்கொள்வதோடு சரி. ஈயக் குச்சியை ஒரு தடவை உள்ளே தொட்டு எடுப்பீர்கள். ஒரு சொட்டு, பாதரசம் போலப் பாத்திரத்துக்குள் ஓடும். அது ஓடி ஒளிகிறதற்கு முன்னால் பஞ்சு அதைப் பிடித்து வளைத்து ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பஞ்சு போன வழியெல்லாம் வெள்ளையாகும். வாளித் தண்ணீரில் முக்கினால் ‘சொர்ர்’ என்று ஒரு சத்தம். முடிந்தது. அடுத்த ஏனம்.

அன்றைக்கு வேடிக்கை பார்த்ததோடு சரி, கணக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. நவச்சாரம் சூட்டில் பிரிந்து, பித்தளை மேல் படிந்திருக்கிற படலத்தைத் தின்று சுத்தமாக்குகிறது. அப்போதுதான் ஈயம் ஒட்டும். ஒரு விரல் தடம் எண்ணெயாகக் கிடந்தால்கூட அந்த இடத்தை விட்டுவிட்டுப் போய்விடும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகுவது. பித்தளை உருக 900 டிகிரிக்கு மேல் வேண்டும். சூடு குறைந்தால் ஈயம் திட்டுத் திட்டாக நிற்கும், மிஞ்சினால் நிறம் மங்கிப்போகும். சூட்டை அளக்க உங்களிடம் ஒரு கருவியும் கிடையாது. பொடி பட்டதும் புகை எழும்புகிற தினுசைப் பார்த்தீர்கள், அவ்வளவுதான். பூசின படலம் காகிதக் கனம்கூட வராது. அந்தக் கனத்தை நம்பித்தான் வளவு முழுவதும் புளிக்குழம்பு வைத்தது.

ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்று பழமொழி சொல்லுவார்கள். எங்கள் அடுக்களையில் அது இளித்திருக்க வாய்ப்பில்லை. பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. புளியோ எலுமிச்சையோ மோரோ பட்டுக் கொஞ்ச நேரம் நின்றால் செம்பு கரைந்து இறங்கும், பச்சையாகக் களிம்பு பூக்கும். களிம்பேறின ஏனத்துக் குழம்பைச் சாப்பிட்டு வாந்தியெடுத்த கதை இல்லாத குடும்பம் அந்தக் காலத்தில் குறைவு. தண்ணீர்த் தவலைக்கு ஈயம் இல்லாவிட்டாலும் ஓடும். குழம்புப் போணிக்கு ஓடாது. சொதிச் சருவத்துக்கு அறவே ஓடாது.

அந்தச் சருவத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அகன்ற வாய், கனத்த அடி, இரண்டு பக்கமும் வளையம். ஆச்சியின் அம்மாவுக்குச் சீராக வந்தது. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக இரண்டு எழுத்து வெட்டியிருக்கும். அவள் பெயரின் முதலெழுத்தும் அவள் அப்பா பெயரின் முதலெழுத்தும். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் பெயர் எழுத்தில் இருந்த ஒரே இடம் அதுதான். நீங்கள் சருவத்தை நெருப்பிலிருந்து எடுத்ததும் அந்த இடத்துக் கரியைக் கட்டைவிரலால் துடைத்து, எழுத்துத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆச்சியிடம் நீட்டுவீர்கள். கேட்டு வாங்கின கூலியில் இதற்குக் கணக்கு இல்லை.

சொதியை மாப்பிள்ளைச் சொதி என்பார்கள் எங்கள் ஊரில். கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற மறுவீட்டுச் சாப்பாட்டில் அதுதான் ராஜா. ஈழத்திலும் சொதி உண்டு. அது மஞ்சள் போட்டு, தண்ணீராக, இடியாப்பத்துக்கு ஊற்றிக்கொள்வது, அன்றாடம் வைப்பது. நெல்லைச் சொதி கனத்தது. காயும் பருப்பும் தேங்காய்ப்பாலுமாக, சோற்றில் குழைத்து அடிப்பது. எங்கள் வீட்டில் கல்யாணத்துக்காக மட்டும் ஆச்சி அதைக் காத்து வைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது திரும்பினால் சொதி. பரீட்சை முடிந்தால் சொதி. சித்தப்பா வேலையை விட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் வந்து பட்டாசலில் படுத்துக் கிடந்த அன்றும் சொதிதான். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆச்சி தேங்காய் துருவ உட்கார்ந்தாள்.

துருவலை அரைத்து மூன்று பால். முதல் பால் கெட்டியாக, தனியாக மூடி வைத்தது. மூன்றாம் பாலில் காய் வேகும்: முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி. சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசாக. பாசிப்பருப்பு தனியே வெந்து குழைந்து வந்து சேரும். இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த விழுது; மிளகாய்த்தூள் பக்கத்திலேயே வரக் கூடாது. இரண்டாம் பால் ஊற்றி ஒரு கொதி. கடைசியாக முதல் பால். அதை ஊற்றினதும் அடுக்களையில் பேச்சு நின்றுவிடும். ஓரத்தில் நுரை கூடிக்கொண்டு வருகிற அந்த நேரத்தில் இறக்க வேண்டும். கொதிக்க விட்டால் பால் திரிந்து, எண்ணெய் தனி, தண்ணீர் தனி என்று பிரிந்துவிடும். பித்தளை எவர்சில்வரைவிட ஏழெட்டு மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். தீ படுகிற இடத்தில் மட்டும் தளதளவென்று கொதித்து மற்ற இடம் சும்மா கிடக்கிற வேலையே சருவத்தில் இல்லை. அடியிலிருந்து ஓரம்வரை ஒரே சீராகச் சூடு ஏறும். ஆச்சியின் சொதி திரியாமல் இருந்ததற்கு அது பாதிக் காரணம். மீதிப் பாதி ஆச்சியின் கண்.

இறக்கின பிறகுதான் மற்ற வேலை. தாளிப்பு இரும்புக் கரண்டியில், தனியாக: நெய், சீரகம், கறிவேப்பிலை. எலுமிச்சம்பழம் அதற்கும் பிறகு, சூடு கொஞ்சம் தணிந்த பின்னால். கிளறுவதற்குச் சிரட்டை அகப்பை மட்டும். மிச்சச் சொதி ராத்திரி சருவத்திலேயே தங்கக் கூடாது, மண்சட்டிக்கு மாற்றிவிட வேண்டும். கழுவுவதற்குத் தேங்காய் நார். மணல் உள்பக்கம் படவே கூடாது. சருவத்தை வெறுமனே அடுப்பில் ஏற்றவே கூடாது, முதலில் தண்ணீரோ பாலோ உள்ளே போக வேண்டும். ‘ஏன் ஆச்சி?’ என்று கேட்டால் ‘எங்க அம்மா அப்படித்தான் செய்வா’ என்பாள். எங்கள் குடும்பத்துச் சமையல் சாஸ்திரம் என்றே நான் நினைத்து வளர்ந்தேன்.

சாஸ்திரமெல்லாம் இல்லை, அண்ணாச்சி. அத்தனையும் உங்கள் ஈயத்தின் சட்டம். நன்றாகக் காய்ந்த நெய் 232 டிகிரியை எட்டிப் பிடித்துவிடும், அதனால் தாளிப்பு தனிக் கரண்டிக்குப் போயிற்று. கரண்டி உலோகமானால் சுரண்டும், அதனால் அகப்பை. புளிப்பும் சூடும் சேர்ந்தால் பூச்சு சீக்கிரம் கழியும், அதனால் எலுமிச்சை கடைசிக்கு வந்தது. நீங்களே ஒரு தடவை சொன்னீர்களே: ‘எறக்கி வச்சுப் பெறவு பிழிஞ்சிக்கிடுங்க ஆச்சி, இல்லேன்னா தைக்கு வரவேண்டியவன் கார்த்திகைக்கே வரணும்.’ எங்கள் வீட்டுக் கைமணம் என்று ஊர் மெச்சியதில் பாதி, யாரோ ஒரு ஈயம் பூசுகிறவர் எங்கள் ஆச்சியின் அம்மாவுக்கோ அவளுக்கும் முந்தினவளுக்கோ சொல்லிவிட்டுப் போன எச்சரிக்கை. காரணம் மறந்துபோயிற்று, கைப்பழக்கம் தங்கிவிட்டது. கடைசியில் பிழிந்த எலுமிச்சைக்குத்தான் அந்த வாசம் என்பது வேறு விஷயம். ஈயத்துக்குச் செய்தது நாக்குக்கும் நல்லதாகப் போயிற்று.

ஈயம் வாங்குவதில் ஆச்சிக்கு உங்கள் மேல் முழு நம்பிக்கை வர ரொம்ப நாள் ஆயிற்று. நீங்கள் கட்டியை அவள் காதுப் பக்கம் கொண்டுபோய் வளைத்துக் காட்டினீர்கள். கிரீச்சென்று ஒரு சத்தம், உள்ளே ஏதோ முறிகிற மாதிரி. ‘கேட்டியளா ஆச்சி? வெள்ளீயம்னா இப்படிச் சத்தம் குடுக்கும். காரீயத்தைக் கலந்தா சத்தம் அமுங்கிரும்.’ அப்புறம் பூசி ஆறின ஏனத்துக்குள் வெள்ளைத் துணியைப் போட்டு அழுத்தித் தேய்த்துக் காட்டினீர்கள், துணி வெள்ளையாகவே இருந்தது. காரீயம் கலந்தால் விலையும் குறைவு, வேலையும் சுளுவு. சரியான அளவில் கலந்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும். அது வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்து செய்கிற கெடுதல் அன்றைக்கே தெரியாது. அடுப்பில் வேகிற வேலைக்காரருக்கு அதைவிடப் பெரிய ஆசை காட்ட முடியாது. நீங்கள் ஆசைப்படவில்லை.

அந்த அருமை சென்னைக்கு வந்த பிறகுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. சருவத்தை ஒரு பாத்திரக் கடையில் கொடுத்திருந்தேன். பளபளவென்று வந்தது. உங்கள் துணிச் சோதனையைச் செய்து பார்த்தேன், துணி கறுத்தது. திரும்பச் சுரண்டி எடுத்து, வேறொருவரிடம் முதலிலிருந்து பூச வேண்டியதாயிற்று.

நீங்கள் பூசின ஈயம் எங்கிருந்து வந்தது என்று சிறு வயதில் கேட்கத் தோன்றியதில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உலகத்து வெள்ளீயத்தில் பாதிக்கு மேல் மலாயாவில்தான் எடுத்தார்கள். பேராக் மாநிலத்துக் கிந்தாப் பள்ளத்தாக்கு அதற்குப் பேர்போனது. எங்கள் பக்கத்து ஆட்கள் கொழும்புக்கும் பினாங்குக்கும் கப்பலேறிப் பிழைக்கப் போன காலம் அது. ஆச்சியின் அம்மா சருவத்தில் ஏறின முதல் பூச்சு அதே கடலில் எதிர்த்திசையில் வந்ததாக இருக்கலாம். வெள்ளீயம் செம்பைவிட ரொம்பவே விலை கூடினது. பூசுவதற்கு எவ்வளவு கூலி கேட்கிறார்கள் என்று அங்கலாய்க்கிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

எவர்சில்வர் வந்ததை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். பித்தளையைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் அதைத் தேய்த்தவர்களாக இருப்பதில்லை. தேய்த்தது என் அம்மா. புளியும் சாம்பலும் போட்டு வெளிப்பக்கத்தைத் துலக்கித் துலக்கி அவள் நகக்கண்ணெல்லாம் வெடித்திருக்கும். சைக்கிளில் எவர்சில்வர்க்காரர் வந்து பழைய பித்தளைக்குப் புதுப் பாத்திரம் என்று கூவினபோது அவளுக்கு விடுதலை வந்த மாதிரி இருந்ததில் ஆச்சரியமே இல்லை. கேஸ் அடுப்பு வேறு வந்துவிட்டது. மண்ணடுப்பின் மூன்று குமிழில் ஜம்மென்று உட்கார்ந்த உருண்டை அடிப் பானையெல்லாம் கேஸ் அடுப்பில் ஆடிற்று. ஆச்சியும் அம்மாவும் அந்த வருஷம் பேசிக்கொண்டதைவிட ஏனத்தை ‘ணங்’கென்று வைத்த சத்தம்தான் அதிகம்.

நீங்கள் வந்தபோது இரண்டு பேரும் தனித்தனியாக உங்களைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொன்னால் உங்களுக்கு வருமானம். நீங்கள் ஒவ்வொன்றாகத் தூக்கி, விரலால் சுண்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தீர்கள். ‘இது அடி மெலிஞ்சு போச்சு, இன்னொரு சூடு தாங்காது. இதுக்கு ஈயம் பூசுதது தண்டம். இது ஒட்டுப் போட்டது. இது தண்ணிக்கு மட்டும் வச்சுக்கிடுங்க, பூச வேண்டாம்.’ பாதிக்கு மேல் கழித்துப் போட்டீர்கள். சருவத்தைக் கையில் எடுத்ததும், ‘இதக் குடுத்தியன்னா பெறவு இந்தக் கனத்துல கெடைக்காது’ என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னீர்கள், ஆச்சியைப் பார்த்து இல்லை. அம்மா தலையாட்டினாள். கழித்ததெல்லாம் எவர்சில்வராகி வந்தது. அம்மாவின் நகக்கண் ஆறிற்று. சருவம் தங்கிற்று. இன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு குலதனம் இருக்கிறதென்றால் அன்றைக்கு நீங்கள் மற்றதையெல்லாம் கழித்துக் கட்டினதால்தான். எல்லாவற்றையும் கட்டிக் காத்திருந்தால் அம்மா எல்லாவற்றையும் சேர்த்தே போட்டிருப்பாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் இந்த மடல் பாதிதான்.

வேலை முடிந்த மத்தியானம் உங்களுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில். அப்போதுதான் பூசின சருவத்தில் முதல் சமையல், பெரும்பாலும் சொதி, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல். தேங்காய்ப்பால் மந்தம் பண்ணும், இஞ்சி அதை அடக்கும். இலையைத் தார்சாவில் போடுவார்கள். உங்களுக்கும் பையனுக்கும். அதைத் தாண்டி உள்ளே நீங்கள் வந்து நான் பார்த்ததில்லை. வளவில் இருந்த அத்தனை வீட்டு ஏனத்துக்குள்ளும் உங்கள் கை போய் வந்தது. நாங்கள் தின்ற ஒவ்வொரு வாய்ச் சோறும் உங்கள் விரல் பட்ட இடத்தில் வெந்தது. அடுக்களைக்கு மட்டும் உங்களை யாரும் கூப்பிடவில்லை. ஆச்சி நல்லவள், கை நிறையப் போடுகிறவள், உங்கள் பையனுக்கு மறுசோறு கேட்காமலே வைப்பாள். அவளும் கூப்பிடவில்லை. அந்தக் காலம் அப்படி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். எனக்கு அது தொண்டையில் நிற்கிறது.

நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. சொதியைப் பற்றித்தான் சொன்னீர்கள். முதல் கவளத்தை வாயில் போட்டதும், ‘ஆச்சி, உப்பு ஒரு கல்லு கூட’ என்பீர்கள். ஆச்சியின் சமையலில் குற்றம் சொல்ல மாமாமார்களுக்குக்கூடத் தைரியம் கிடையாது. ‘நீ பூசுன ஈயம் உப்பா இருந்திருக்கும்’ என்பாள் அவள். பையன் சிரிப்பான்.

கூலிப் பேரத்தில் மட்டும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கமாட்டீர்கள். ஆச்சி ஒரு ரூபாய்க்கு அரைமணி நேரம் வாதாடுவாள். கடைசியில் ஒரு படி அரிசியும் இரண்டு தேங்காயும் மேலே போடுவாள். அவள் பிடிவாதம் காசில் இல்லை என்று இப்போது படுகிறது. அவளுக்குச் சரிசமமாகப் பேச்சுக் கொடுக்கிற ஆள் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வந்தார்.

பிறகு ஒரு தை மாதம் நீங்கள் தனியாக வந்தீர்கள். ‘பய திருப்பூருக்குப் போயிட்டான் ஆச்சி. நெஞ்சுல பொகை ஒத்துக்கல.’ ஆச்சி, ‘நல்ல காரியம் பண்ணினே’ என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நெடி தாங்காமல் நாங்கள் தார்சாவுக்கு ஓடினோம். அவன் எங்கே ஓடுவான்? இந்தக் கைத்தொழில் அழிந்துவிட்டதே என்று வருத்தப்படுகிறவர்கள் யாராவது தம் பிள்ளையை அந்தக் குழிக்கு முன்னால் உட்கார வைக்கச் சம்மதிப்பார்களா? தொழில் நிலைக்க வேண்டுமென்றால் அதற்கு முகமூடியும் காற்றோட்டமும் கட்டுப்படியாகிற கூலியும் வேண்டும். பாட்டி காலத்துப் பெருமை மட்டும் போதாது.

சருவம் இப்போது சென்னையில் என்னிடம் இருக்கிறது. போன வாரம் அக்கா மகள் வந்தாள். ராத்திரி ஷிப்ட் வேலை, பகல் தூக்கம், சாப்பாடெல்லாம் பொட்டலத்தில். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. ‘என்னடி?’ என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. தேங்காய் உடைத்தேன். மிக்ஸியில் அரைத்த பால்தான். ஆச்சி பார்த்தால் மூக்கைச் சுளிப்பாள். ஆனால் வரிசை மாறவில்லை: மூன்றாம் பால், இரண்டாம் பால், முதல் பால், நுரை கூடினதும் அடுப்பை அணைத்து, தாளிப்பு தனிக் கரண்டியில், எலுமிச்சை ஆறின பிறகு. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், ‘ஏன் சித்தி இதிலேயே தாளிக்கக் கூடாது?’ என்று கேட்டாள். ஆச்சி எனக்குச் சொல்லாத பதிலை நான் அவளுக்குச் சொன்னேன். நீங்கள், துருத்தி, நவச்சாரம், 232 டிகிரி எல்லாம் வந்தது. அவள் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம்வரை தூங்கினாள். போகும்போது சருவத்தைக் கவிழ்த்துப் புள்ளி எழுத்தைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

கழுவும்போதுதான் பார்த்தேன். அடியில் பழைய ஒரு ரூபாய் அகலத்துக்கு மஞ்சள் தெரிகிறது.

சென்னை அடுக்ககத்தில் புகை போட விடமாட்டார்கள். டவுனில் அக்கா வீட்டுப் புறவாசல் சும்மாதான் கிடக்கிறது, குழி வெட்ட இடம் இருக்கிறது. உங்களால் முடியாவிட்டால் உங்களிடம் தொழில் படித்தவர் யாராவது, இதைப் படிக்கிறவர் வேறு யாரானாலும் சரி, தைக்கு முன்னால் வந்தால் உதவியாக இருக்கும். சருவம் ஒன்று, குழம்புப் போணி இரண்டு, தவலை ஒன்று. தவலை நசுங்கியிருக்கிறது, தேறுமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும், தேறாதென்றால் தாராளமாகக் கழித்துவிடலாம். கரி வாங்கி வைக்கிறோம். மூக்குக்கு நல்ல முகமூடியும் வாங்கி வைக்கிறோம். கூலி நீங்கள் சொல்வது. ஆச்சி அளவுக்குப் பேரம் பேச எங்கள் வீட்டில் இப்போது ஆள் இல்லை.

சாப்பாடு உள்ளே, அடுக்களையில். உப்பு கூட இருந்தால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சொதிச் சருவத்து ஆச்சியின் பேத்தி